காதல் முதல் ஜிகர்தண்டா வரை: பத்து வருஷத்தில் படங்களின் முகம் மாறியது எதனால்?

வாசகர் ஒருவர் கேட்டது: “2004 கடைசியில் ‘காதல்’ வந்தது. அதிலிருந்து ஆறேழு வருஷம், புதுமுகங்களை வைத்து எடுத்து ஓடிய படங்களில் கடைசியில் யாராவது செத்தார்கள், இல்லை பைத்தியமானார்கள். 2012, 13ல் பார்த்தால் அதே ஊர், அதே லுங்கி, அதே டீக்கடை, ஆனால் தியேட்டரே சிரிக்கிறது. ஜனங்கள் அழுது சலித்துவிட்டார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா?”

13 ஜனவரி 2019

சலிப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட மனசு வரவில்லை. அந்தப் பத்து வருஷமும் என் பத்தொன்பது வயதிலிருந்து இருபத்தொன்பது வரைக்குமான வருஷங்கள். அதனால் எனக்கு இது சினிமா பற்றிய கேள்வி மட்டும் கிடையாது.

‘காதல்’ பார்த்தது 2005 ஜனவரியில், மதுரையில். நான் பி.காம் இரண்டாம் வருஷம். சுனாமி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, டிவியைப் போட்டாலே பிணங்கள். ஹாஸ்டல் நோட்டில் மீனாட்சியம்மன் கோயில் என்று எழுதிவிட்டு ஐந்து பேர் மேட்னிக்குப் போனோம். இடைவேளை வரைக்கும் ஒரே கூச்சல். மெக்கானிக் பையன் முருகன், பள்ளிக்கூடத்துப் பெண் ஐஸ்வர்யா, இரண்டு பேரும் சென்னைக்கு ஓடுகிறார்கள், மேன்ஷன் அறையில் இடம் தேடுகிறார்கள், நாங்களும் கூடவே ஓடிக்கொண்டிருந்தோம். அப்புறம் பெண்வீட்டார் கண்டுபிடித்து ஊருக்குக் கூட்டிவருகிறார்கள். அவனை அடிக்கிறார்கள். அவனை உயிரோடு விடவேண்டும் என்பதற்காக அவள் தாலியைக் கழற்றுகிறாள். அந்த இடத்தில் தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. பின்னால் யாரோ ஒரு அம்மா மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார், அவ்வளவுதான், வரிசை வரிசையாக எல்லாரும் உடைந்தோம். ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரி மட்டும் அந்தக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னால் முறுக்கு வாங்கப் போனவள், படம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தாள். முக்கியமான இடத்தை விட்டுவிட்டாயே என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே வந்தோம்.

எனக்குத் தெரிந்து அந்த அழுகையில் சலிப்பு இல்லை. நமக்குத் தெரிந்த தெரு, நமக்குத் தெரிந்த அப்பாக்கள் திரையில் வந்துவிட்டார்களே என்ற அதிர்ச்சி இருந்தது.

14 ஜனவரி 2019

ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டேன். ‘காதல்’தான் தொடக்கம் என்று வாசகர் சொல்வதை அப்படியே ஒத்துக்கொண்டு எழுதிவிட்டேன், அது தப்பு. 1999 டிசம்பரில் வந்த ‘சேது’வை விட்டுவிட்டு இந்தப் பேச்சைத் தொடங்கவே முடியாது. நாயகன் மனநலம் கெட்டுச் சங்கிலியில் கிடக்கிறான், நாயகி செத்துப்போகிறாள், அப்படியும் படம் ஓடுகிறது. அது தைரியம் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். ஆனால் ‘சேது’வில் காதலைப் பிரிப்பது விதி மாதிரி வருகிறது. ‘காதல்’ படத்தில் பிரிப்பது சொந்தக்காரர்கள். இந்த வித்தியாசம் பெரிசு.

14 ஜனவரி 2019, இரவு

அந்த வரிசையை ஒருதரம் ஞாபகப்படுத்திக்கொள்கிறேன். 2006 டிசம்பரில் ‘வெயில்’. 2007 பிப்ரவரியில் ‘பருத்திவீரன்’. அதே வருஷக் கடைசியில் ‘கல்லூரி’, 2000ல் தருமபுரியில் பஸ்ஸோடு எரிக்கப்பட்ட மாணவிகளின் நினைவில் முடிகிற படம். 2008 ஜூலையில் ‘சுப்ரமணியபுரம்’. 2009 தொடக்கத்தில் ‘வெண்ணிலா கபடிக்குழு’. 2010ல் ‘அங்காடித்தெரு’, ‘மைனா’. எல்லாவற்றிலும் முடிவுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே வயிறு கலங்க ஆரம்பித்துவிடும். நாயகனும் நாயகியும் சிரித்தால் நாம் பயப்படுவோம். ‘சுப்ரமணியபுரம்’ படத்தில் துளசியும் அழகரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்கிற அந்தப் பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது, இரண்டாம் முறை படம் பார்த்தபோது அந்தப் பாட்டு முழுக்க எனக்கு அழுகைதான் வந்தது, துளசியே அழகரைக் காட்டிக்கொடுக்கப்போகிறாள் என்று தெரிந்துவிட்டதால்.

2 பிப்ரவரி 2019

இன்னொருவர் எழுதியிருக்கிறார், இதே காலத்தில் ‘கில்லி’, ‘சந்திரமுகி’, ‘சிவாஜி’ எல்லாம் வந்து பெரிதாக ஓடவில்லையா, அவற்றில் யார் அழுதார்கள் என்று. நியாயமான கேள்வி. பெரிய நடிகர்களின் படங்கள் மனநிலை மாறாமல் தன்பாட்டில் ஓடின, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்தன, நானும் போனேன். நான் பேசுவது புதுமுகங்களை வைத்து, ஊர்ப்பக்கம் எடுத்து, பேச்சிலேயே பரவி ஓடிய படங்களைப் பற்றி. ‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’ 2006ல் வந்து வயிறு வலிக்கச் சிரிக்க வைத்ததும் உண்மைதான்.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். ‘சென்னை 600028’ படம் வந்தது 2007 ஏப்ரலில். ‘பருத்திவீரன்’ வந்து இரண்டே மாதம்! ஒரு படத்தில் நாயகி முத்தழகு சீரழிக்கப்பட்டுச் சாகிற கதி, அடுத்த படத்தில் விசாலாட்சித் தோட்டத்துப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். சிரிப்பு 2012ல் திடீரென்று வரவில்லை. அது சென்னையில் முதலிலிருந்தே இருந்தது, தெற்கே வந்து சேர ஐந்து வருஷம் ஆனது.

3 பிப்ரவரி 2019

‘பருத்திவீரன்’ பற்றி நாலு வரி. முத்தழகு மாதிரி ஒரு பெண்ணை அதற்கு முன் தமிழ்ப்படத்தில் நான் பார்த்ததில்லை. துரத்துவது அவள், பிடிவாதம் அவளுடையது, அப்பன் அடித்தாலும் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அசராமல் இருப்பாள். பிரியாமணிக்குத் தேசிய விருது கிடைத்தபோது எங்கள் ஹாஸ்டல் பழைய கூட்டமே போன் பண்ணிப் பேசிக்கொண்டது. அப்படிப்பட்டவளுக்குப் படம் கொடுத்த முடிவு இருக்கிறதே, அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. உண்மைக்கு நெருக்கம் என்று சொன்னார்கள். பிடிவாதம் பிடித்த பெண்ணுக்கு இதுதான் நடக்கும் என்று ஊரில் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அதையேதானே படமும் சொன்னது?

24 பிப்ரவரி 2019

மூன்று வாரமாக ‘நாடோடிகள்’ மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2009 ஜூன். எனக்கு இந்த மாற்றத்தின் கீல் அந்தப் படம்தான் என்று தோன்றுகிறது. நண்பனின் காதலைச் சேர்த்துவைக்க மூன்று பேர் போகிறார்கள். ஒருவனுக்குக் கால் போகிறது, ஒருவனுக்குக் காது போகிறது, ஒருவன் பாட்டியை இழக்கிறான், வேலையும் கல்யாணமும் போகின்றன. அவ்வளவு விலை கொடுத்துச் சேர்த்துவைத்த ஜோடி கொஞ்ச நாளில் பிடிக்கவில்லை என்று பிரிந்துபோகிறது. தியேட்டரில் ஆம்பளைப் பையன்கள் ஆவேசமாகக் கத்தினார்கள். யார் மேல் கோபம்? அடித்தவர்கள் மேல் இல்லை, காதலித்தவர்கள் மேல்.

அதுவரை காதலுக்காக அழுத தியேட்டர், அன்றிலிருந்து காதல் அவ்வளவு பெரிசா என்று கேட்க ஆரம்பித்தது. நண்பன் மேலே வந்தான், காதலி கீழே போனாள். அடுத்த இரண்டு மூன்று வருஷத்துப் பாட்டுகளை நினைத்துப் பாருங்கள். 2011 கடைசியில் ‘கொலவெறி’, அப்புறம் எந்தப் படத்தை எடுத்தாலும் டாஸ்மாக்கில் நாலு நண்பர்கள் உட்கார்ந்து பெண்களைத் திட்டி ஒரு பாட்டு. ‘காதல்’ படத்து முருகன் காதலுக்காகப் பைத்தியமாகித் தெருவில் திரிந்தான். எட்டு வருஷம் கழித்து வந்தவன் ஒரு குவார்ட்டர் வாங்கிக்கொண்டு, பெண்களை நம்பாதே மச்சான் என்று ஆடினான். சோகம் அதேதான், பழி மட்டும் இடம் மாறிவிட்டது. பாட்டு நன்றாக இருக்கும், நானே முணுமுணுத்திருக்கிறேன், ஆபீசில் பையன்கள் அதைச் சத்தமாக வைக்கும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுவேன்.

25 பிப்ரவரி 2019

நேற்று எழுதியது கொஞ்சம் காரமாகப் போய்விட்டது என்று ஒரு தம்பி சொல்கிறார். காரம்தான். குறைத்துக்கொள்ள மாட்டேன்.

17 மார்ச் 2019

சரி, 2012க்கு வருகிறேன். அப்போது நான் கோயம்புத்தூரில், ஒரு பம்ப் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு எல்லாம் மறந்தாலும் மின்வெட்டு மறக்காது. ஒரு மணி நேரம் இருந்தால் அடுத்த மணி நேரம் இருக்காது. ராத்திரி இரண்டு மணிக்குப் போகும், மூன்று மணிக்கு வரும், நாலு மணிக்குத் திரும்பப் போகும். லேத் ஓட்டுகிற அண்ணன்கள் ஷிப்ட் பாதியில் வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பார்கள், வாரக்கூலி பாதியாகிவிட்டது. வீட்டில் புழுக்கம் தாங்காமல் ஜெனரேட்டர் வைத்த தியேட்டருக்குப் போவோம், எந்தப் படம் என்றுகூடப் பார்க்காமல்.

அப்படிப் போய் உட்கார்ந்ததுதான் நவம்பர் கடைசியில் வந்த ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’. கல்யாணத்துக்கு முன்னால் கிரிக்கெட் ஆடித் தலையில் அடிபட்டு, நடுவில் ஒரு வருஷம் மறந்துபோன மாப்பிள்ளை. அவன் “என்னாச்சு?” என்று கேட்பான், திரும்பத் திரும்ப அதையே கேட்பான், ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ அவன் வாயைத் திறப்பதற்குள் மொத்தத் தியேட்டரும் “என்னாச்சு?” என்றது. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு அண்ணன், கையில் கிரீஸ் கறை போகாத ஆள், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர் தோளில் சாய்ந்தேவிட்டார். அந்தக் கதை நிஜமாக நடந்தது என்பதும், அது யாருக்கு நடந்ததோ அந்த பிரேம்குமாரே படத்தின் ஒளிப்பதிவாளர் என்பதும், அவரே பின்னாளில் ‘96’ எடுத்தார் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கிரீஸ் கை மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்த ஆளுக்கு அன்றைக்கு ‘அங்காடித்தெரு’ பார்க்கத் தெம்பு இருந்திருக்காது.

அதனால் வாசகர் சொல்கிற சலிப்பு என்பதைக் கொஞ்சம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சலித்தது படங்களால் இல்லை, வாழ்க்கையால்.

18 மார்ச் 2019

ஒரு கணக்கும் இருக்கிறது. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரிவிலக்கு என்று 2006ல் வந்தது. 2011ல் ஆட்சி மாறிய பிறகு அதோடு தணிக்கையில் ‘யு’ சான்றிதழும் வேண்டும் என்றாக்கினார்கள். யோசித்துப் பாருங்கள், ‘பருத்திவீரன்’ மாதிரி ஒரு முடிவை எழுதுகிற இயக்குநரிடம் தயாரிப்பாளர் என்ன சொல்லியிருப்பார்? ரத்தம் குறைய வேண்டும், குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும், அப்போதுதான் டிவியிலும் வாங்குவார்கள். அதற்குள் 24 மணி நேரமும் காமெடி போடும் சேனல்கள் வந்துவிட்டன. சந்தானம் வரும் காட்சியை வெட்டி நாளுக்கு நாலு தரம் போடலாம், ‘மைனா’ முடிவை வெட்டி எங்கே போடுவது?

ஆட்களும் மாறினார்கள். முதல் வரிசையில் இருந்த இயக்குநர்கள் பாலாவிடமும் ஷங்கரிடமும் உதவியாளர்களாகப் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர்கள், ஊரைச் சுமந்துகொண்டு வந்தவர்கள். 2012ல் குறும்படம் எடுத்துவிட்டு நேராக வந்தார்கள், ‘நாளைய இயக்குநர்’ டிவி நிகழ்ச்சியில் பார்த்த முகங்கள். சின்னத்திரையில் மிமிக்ரி செய்த சிவகார்த்திகேயன் நாயகனானார். விஜய் சேதுபதியைப் பாருங்கள், 2010 டிசம்பரில் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ படத்தில் தேனிப் பக்கத்து ஆட்டுக்காரராக நம்மை அழவைத்தவர், 2012, 13ல் ‘நடுவுல கொஞ்சம்’, ‘சூது கவ்வும்’. ஒரே ஆள் இரண்டு கரையிலும் நிற்கிறார்.

18 மார்ச் 2019, பிற்பகல்

2012 மே மாதம்! அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. ‘காதல்’ எடுத்த அதே பாலாஜி சக்திவேல் மே 4ம் தேதி ‘வழக்கு எண் 18/9’ கொடுத்தார். அதற்கு மூன்று வாரம் முன்னால் ‘ஒரு கல் ஒரு கண்ணாடி’, ஒரு வாரம் பின்னால் ‘கலகலப்பு’. இரண்டு சிரிப்புக்கு நடுவில் மாட்டிய ஒரு அழுகை. படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. எங்கள் ஆபீசில் பத்துப் பேரில் அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களிடம் மனசு கனத்துவிட்டது என்றேன். அப்படியானால் வேண்டாம் என்றுவிட்டு எல்லாரும் ‘கலகலப்பு’க்குப் போனார்கள்.

7 ஏப்ரல் 2019

இப்போது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம். ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’, 2013 செப்டம்பர்.

இந்தப் படத்தை ‘காதல்’ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் தெற்கத்தி ஊர், முறுக்கு மீசை அப்பா, ஓடிப்போகிற மகள். ஓடிப்போன மகளை அப்பன் சுட்டுக் கொன்றுவிட்டான் என்ற பேச்சில் படம் தொடங்குகிறது. கடைசியில் பார்த்தால் அவரேதான் மகளை ரகசியமாக அனுப்பிவைத்திருக்கிறார், ஊரில் கௌரவம் போகாமல் இருக்கக் கொன்றதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். சத்யராஜ் அதைச் செய்யும்போது தியேட்டரே குலுங்கியது.

அதற்குப் பத்து மாதம் முன்னால், 2012 நவம்பரில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து தருமபுரியில் நத்தம் காலனியை எரித்தார்கள். 2013 ஜூலையில் அந்தக் காதல் கணவன் ரயில் தண்டவாளம் பக்கத்தில் பிணமாகக் கிடந்தான். அதற்கு இரண்டு மாதம் கழித்து நாம் எல்லாரும் தியேட்டரில் உட்கார்ந்து கௌரவக் கொலைக்குச் சிரித்துக்கொண்டிருந்தோம். படம் எடுத்தவர்கள் மேல் குற்றம் சொல்லவில்லை, அவர்கள் எப்போதோ எழுதிய கதை. ஆனால் பேப்பரில் வந்துகொண்டிருந்த ரத்தத்தைத் திரையில் துடைத்துவிட்டு, அந்த அப்பாவை நல்லவராக்கிக் கையில் கொடுத்தார்கள், நாம் வாங்கிக்கொண்டோம். நான் என் அப்பாவோடு பார்த்தேன். அவர் வெளியே வரும்போது, “பாத்தியா, அப்பன் மனசு அப்பன் மனசுதான்” என்றார். நான் பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

9 ஏப்ரல் 2019

இல்லை, நான் சொன்னதில் ஒரு பாதிதான் சரி. அழவைத்த படங்கள் என்ன செய்தன? ‘காதல்’ பார்த்துவிட்டு அழுத எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது மகளை வேறு சாதியில் கட்டிக்கொடுத்தார்களா? எங்கள் ஹாஸ்டலில் அந்தப் படம் ஓடிய பிறகு லெட்டர்களைப் பிரித்துப் பார்ப்பது அதிகமானது, அவ்வளவுதான் நடந்தது. அழுதோம், கண்ணைத் துடைத்தோம், இது இப்படித்தான் என்று வீட்டுக்கு வந்தோம். சாவு தவிர்க்க முடியாதது என்று ஒவ்வொரு படமும் சொல்லிச் சொல்லி, கொன்றவன் வெயில் மழை மாதிரி ஆகிவிட்டான். அவனைக் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த மீசையைப் பார்த்துச் சிரிக்கவாவது முடிந்தது 2013ல்.

எது மோசம் என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

28 ஏப்ரல் 2019

‘ஜிகர்தண்டா’வை (2014 ஆகஸ்ட்) யாரும் இன்னும் எடுக்கவில்லை. நான் இந்தப் பத்து வருஷத்தை அந்தப் படத்தோடுதான் முடிப்பேன். சென்னையிலிருந்து ஒரு இளம் இயக்குநன் ரத்தமும் சதையுமாக ஒரு ரவுடிப் படம் எடுக்க மதுரைக்கு வருகிறான். அங்கே அசால்ட் சேது என்ற ரவுடியைப் பார்த்தால் ஊரே நடுங்கும். சேதுவோ நானே நாயகன் என்கிறான். கடைசியில் படம் வெளியாகும்போது அது காமெடிப் படமாகிவிடுகிறது, தியேட்டர் அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. சேதுவாக நடித்த பாபி சிம்ஹா அந்தத் தியேட்டருக்குள் உட்கார்ந்து தன்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களைப் பார்க்கிற முகம் இருக்கிறதே! பயந்த ஊர் சிரிக்கிறது, அவனுக்கு அது அவமானமா நிம்மதியா என்று அவனுக்கே தெரியவில்லை. அரிவாளோடு தொடங்கிக் காமெடியில் முடிந்த இந்தப் பத்து வருஷமும் அந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது. ரவுடி நடிகனாகிறான், இயக்குநன் ரவுடியாகிக்கொண்டிருக்கிறான் என்பதையும் படம் விடவில்லை.

12 மே 2019

‘பரியேறும் பெருமாள்’ பற்றிக் கேட்கிறார்கள். 2018, நம் பத்து வருஷத்துக்கு வெளியே. ஒன்று மட்டும். அதில் பையன் சாகவில்லை. பெண்ணின் அப்பாவுக்கு எதிரே நின்று பேசுகிறான், கடைசியில் இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு மல்லிகைப் பூ. அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, தியேட்டரில் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. இப்படி ஒரு மூன்றாவது வழி இருந்திருக்கிறதே என்று தோன்றியது.

2 ஜூன் 2019

முதல் குறிப்பில் ஒரு திருத்தம்.

பக்கத்துக் கட்டில்காரி இப்போது திருப்பூரில் இருக்கிறாள். 2006ல், கடைசிப் பரீட்சை எழுதிய மறுவாரம், ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. யாரும் சாகவில்லை, அடி உதை இல்லை, ஆனால் அவள் அப்பா அவளை இல்லாதவள் என்று சொல்லிவிட்டார். பதின்மூன்று வருஷமாக அவள் ஊர்ப்பக்கம் போகவில்லை. போன வாரம் இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் போன் பண்ணினாள். முறுக்கு வாங்க நான் போகவே இல்லை என்றாள். அன்றைக்கே அவளுக்கு அவனைத் தெரியும், எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. முருகனை அடிக்க ஆரம்பித்ததும் உட்கார முடியாமல் எழுந்துபோய், கேன்டீன் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறாள். உள்ளே சத்தம் நின்றது தெரிந்ததாம், அந்த அம்மா மூக்கை உறிஞ்சியதுகூடக் கேட்டதாம். கையில் ஒரு பொட்டலம் இருக்கட்டும் என்று கடைசியில் முறுக்கு வாங்கியிருக்கிறாள். அவளைத்தான் பஸ் ஸ்டாப் வரைக்கும் திட்டினோம்.

‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ பற்றி நான் எழுதியதையும் படித்திருக்கிறாள். “நீ எழுதினதெல்லாம் சரிதான், ஆனா அந்தப் படத்தைத் திட்டாத” என்றாள். ஏன்டி என்றேன். டிவியில் எப்போது போட்டாலும் அவள் வீட்டில் ஓடுமாம். காமெடியெல்லாம் பிள்ளைகள் பார்ப்பார்களாம், அவள் அடுப்படியில் இருப்பாளாம். அப்பன்தான் மகளை அனுப்பிவைத்தார் என்று தெரிகிற இடம் வரும்போது பெரியவள் கூப்பிடுவாளாம், “அம்மா, உன் சீன் வருது” என்று.

போன ஞாயிற்றுக்கிழமையும் போட்டார்களாம். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்தேன் என்றாள்.